மேடு பள்ளத்துக்கு ஒரு பழைய சைக்கிள்

7,500 ரூபாய்க்கு ஒரு பழைய சைக்கிள் வாங்கி, அதுக்கு மேல இன்னும் 3,830 ரூபாய் செலவழிச்சிருக்கேன். ஆக மொத்தம் 11,330. டீக்கடையில இதைச் சொன்னா, "இந்தக் காசுக்குப் பழைய எக்ஸ்எல் வண்டியே பிடிச்சிருக்கலாமே வே"ன்னு சிரிக்காவ. சிரிக்கட்டும். அந்தக் கணக்கை உங்களுக்கு முழுசாச் சொல்றேன். பட்டணத்துல இருக்கிற உங்களுக்கும் இது உதவும். கியர் சைக்கிள் வாங்கி ரெண்டு மாசம் ஓட்டிட்டு, அடுக்குமாடி கார் நிறுத்துற இடத்துல தூசி அடைய விட்டிருக்கிற வீடு உங்க பக்கத்துலயே நாலு இருக்கும்.

முதல்ல எதுக்காக வாங்கினேன்னு சொல்லிடறேன். வீடு காயல்பட்டினத்துல, வயல் ஆத்தூர் பக்கம். போக 6 கிலோமீட்டர், வர 6 கிலோமீட்டர். ஸ்ரீவைகுண்டம் அணையில இருந்து வர்ற தென்கால் தண்ணி கடைசியா வந்து சேர்ற இடம். வாழையும், ஓரமாக் கொஞ்சம் வெத்திலைக் கொடிக்காலும். கடைசி வயல்காரனுக்குத் தண்ணி எப்போ வரும்னு அவனுக்கே தெரியாது. ராத்திரி 11 மணிக்கும் வரும், விடியக்காலம் 4 மணிக்கும் வரும். அந்நேரம் நான் அங்க இல்லைன்னா முறை போயிரும்.

2023 டிசம்பர் 17, 18 மழை உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். எங்க ஊர்ல மட்டும் ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். எங்க மாவட்டத்துல ஒரு வருஷம் முழுக்கப் பெய்யற மழையை விட அது அதிகம். என் மோட்டார் சைக்கிள் ரெண்டு நாள் தண்ணிக்குள்ள கிடந்துச்சு. எஞ்சினைப் பிரிச்ச மெக்கானிக் 18,000 ஆகும்னார். வாழை சாஞ்சு, வயல்ல மணல் ஏறிக் கிடக்கிற நேரம், 18,000க்கு எங்க போக? லிட்டர் பெட்ரோலும் 100 ரூபாயைத் தாண்டியாச்சு. சரி, வீட்டுல கிடந்த பழைய சைக்கிளை எடுத்தேன்.

இங்கனதான் சிக்கல். வெள்ளம் கரைப் பாதையை அரிச்சுட்டுப் போயிருந்துச்சு. தார் ரோடு 3 கிலோமீட்டர், மிச்சம் 3 கிலோமீட்டர் வாய்க்கால் கரை. மண்ணு போய்க் கல்லு மட்டும் துருத்திக்கிட்டு நிக்குது. இடையில ரெண்டு இடத்துல கால் புதையற மணல். எனக்கு இடுப்புல டிஸ்க் தள்ளி நாலு வருஷம் ஆச்சு. பத்து நாள் ஓட்டினதும் பதினொன்னாம் நாள் குனிஞ்சு வாழைக்கன்னுக்கு மண்ணு அணைக்க முடியல. வீட்டுல, "குத்தகைக்கு விட்டுருவோம்"னாங்க. அது கோவத்துல சொன்னது இல்ல, நிசமாவே யோசிச்சுச் சொன்னது. குத்தகைக்கு விட்ட நிலத்துக்கு நான் போய் நின்னா, வேடிக்கை பாக்க வந்தவன்தான். 55 வயசுல அதுக்கு மனசு ஒப்பல.

சென்னையில இருக்கிற மகதான் போன்ல சொன்னா, "அப்பா, முன்னாலயும் பின்னாலயும் ஸ்பிரிங் வச்ச சைக்கிள் இருக்கு, பாருங்க"ன்னு.

அந்த வகை சைக்கிளோட கதையைத் தேடிப் படிச்சப்போ எனக்கு ஒரே ஆச்சரியம். மலையில ஓட்டுற சைக்கிள்னா ஏதோ பெரிய கம்பெனி ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சதுன்னு நினைச்சிருந்தேன். அப்படி இல்லையாம். அமெரிக்காவுல கலிபோர்னியாவில் தமல்பயஸ்னு ஒரு மலை. 1970கள்ல அந்தப் பக்கத்து இளவட்டப் பையன்கள் 30, 40 வருஷத்துக்கு முந்தின தடித்த டயர் சைக்கிள்களைக் குப்பை விலைக்கு வாங்கி, மலை உச்சிக்குத் தள்ளிக்கிட்டுப் போய், மண்ணு ரோட்டுல இறக்கத்துல விட்டிருக்காங்க. பெடலைப் பின்னால மிதிச்சா நிக்கிற பிரேக். இறங்குற சூட்டுல ஹப்புக்குள்ள இருக்கிற கிரீஸ் உருகிப் புகையாப் போயிருமாம். ஒவ்வொரு தடவையும் பிரிச்சுப் புது கிரீஸ் அடைக்கணும். அதனால 1976ல அவங்க ஆரம்பிச்ச பந்தயத்துக்குப் பேரே 'ரீபேக்', அதாவது திரும்ப அடைக்கிறது. அந்தக் கூட்டத்துல ஒருத்தரான ஜோ பிரீஸ் 1977ல இதுக்குன்னே ஒரு சைக்கிள் செஞ்சார். அதுக்கப்புறம்தான் கம்பெனிகள் வந்தது. ஆக, இந்தச் சைக்கிளோட பிறப்பே காசில்லாதவன் வாங்கின பழைய சைக்கிள்லதான். எனக்கு அது தெம்பாத்தான் இருந்துச்சு.

முதல்ல வந்ததுக்கு ஸ்பிரிங்கே கிடையாது. முன் போர்க்குல ஸ்பிரிங் பரவினது 1990கள்ல. பிறகு பின்னாலயும் வச்சாங்க. பின்னால வைக்கிறது லேசான வேலை இல்ல. பிரேம் ரெண்டா இருக்கணும். பின் பாதி ஒரு கீல்ல ஆடணும், ஆட்டத்தைத் தாங்க நடுவுல ஷாக் இருக்கணும். கீல் இருக்கிற இடமெல்லாம் பேரிங்கோ புஷ்ஷோ இருக்கும். சாதா சைக்கிள்ல தேயறதுக்கு நாலு இடம்னா, இதுல எட்டு இடம். பழசு வாங்கறப்போ இதை மறக்கக் கூடாது.

இப்போ பழசு ஏன் மலிவுன்னா, அதுக்கும் காரணம் இருக்கு. அந்தக் காலத்து மலை சைக்கிள் எல்லாம் 26 அங்குலச் சக்கரம். 2013, 14 வாக்குல உலகத்துல பெரிய கம்பெனிகள் எல்லாம் 27.5க்கும் 29க்கும் போயிட்டாங்க. பந்தயம் ஓட்டுறவங்களுக்கு 26 பழைய காலத்துச் சாமான் ஆயிருச்சு, விலை விழுந்துருச்சு. ஆனா நம்ம ஊர்ல? ஆறுமுகனேரியில எந்தச் சைக்கிள் கடையில போய்க் கேட்டாலும் 26 அங்குல டயரைத்தான் முதல்ல எடுத்துப் போடுவாங்க. பசங்க ஓட்டுற கியர் சைக்கிள் பாதிக்கு மேல அந்த அளவுதான். அவங்களுக்கு ஆகாதது நமக்கு ஆகும். எனக்குக் கிடைச்ச லாபம் இதுதான்.

கையில 12,000 ஒதுக்கினேன். அதுல மூணுல ஒரு பங்கைத் தொடாம ரிப்பேருக்கு வச்சேன். அப்போ சைக்கிளுக்கு 8,000தான்.

முதல்ல தூத்துக்குடியில ஒண்ணு பார்த்தேன். பேரு டபுள் சஸ்பென்ஷன், வயசு மூணு வருஷம்தான், 4,000 ரூபாய் சொன்னாவ. பார்க்க ஜம்முன்னு இருந்துச்சு. தூக்கிப் பார்த்தேன், இருபது கிலோவுக்குப் பக்கம் இருக்கும். எல்லாம் இரும்புக் குழாய். பின் ஸ்பிரிங்கை உக்காந்து அமுக்கினா, விட்ட உடனே டொய்ங்னு எகிறுது. உள்ள எண்ணெயே கிடையாது, வெறும் ஸ்பிரிங். நல்ல ஷாக்னா அமுங்கிட்டுப் பையத்தான் எழும்பணும். ஸ்பிரிங் குலுக்கலை வாங்கிக்கும், எண்ணெய்தான் அதை அடக்கும். எண்ணெய் இல்லாத ஸ்பிரிங் ஒவ்வொரு பள்ளத்துக்கும் இடுப்புல ஒரு குத்து திருப்பிக் கொடுக்கும். பின் சக்கரத்தைப் பிடிச்சுப் பக்கவாட்டுல ஆட்டினேன், கீலு லொடலொடன்னுச்சு. கும்பிடு போட்டுட்டு வந்துட்டேன்.

ரெண்டாவது எங்க ஊர்லயே கிடைச்சுது. காயல்பட்டினத்துல வீட்டுக்கு ஒருத்தர் வெளிநாட்டுல இருப்பாங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அப்படி ஒரு வீட்டுப் பையன் காலேஜ் படிக்கிற காலத்துல ஆசையா வாங்கின சைக்கிள். தைவான் கம்பெனிச் சரக்கு, அலுமினியப் பிரேம், முன்னால மூணு பல்சக்கரம், பின்னால எட்டு. பையன் இப்போ ஹாங்காங்ல. சைக்கிள் வருஷக்கணக்கா முடுக்குல நிக்குது. முடுக்குன்னா எங்க ஊர்ல வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல போற சந்து. பெண்கள் தெருவுக்கு வராமப் போய் வர்ற வழி. அதனால நான் உள்ள போகல. அவர் தெருவுக்கு உருட்டிக்கிட்டு வந்தார்.

"12,000 அண்ணாச்சி. பையன் லெச்சத்துக்கு மேல கொடுத்து வாங்கினது."

"காக்கா, வெல கெடக்கட்டும். ஒண்ணு கேக்கேன். வெள்ளத்துல இது எங்கன நின்னுச்சு?"

அவர் கொஞ்ச நேரம் பேசல. பிறகு சொன்னார், "முடுக்குலதான் நின்னுச்சு. முட்டளவு தண்ணி. ரெண்டு நாள்."

மறைச்சிருக்கலாம். கழுவித் துடைச்சு வச்சிருந்தா எனக்கு வெளிய தெரிஞ்சிருக்காது. அந்த ஒரு பதில்லயே வாங்கணும்னு எனக்குத் தோணிருச்சு. ஆனா அந்தப் பதில்தான் விலையையும் இறக்கணும். முட்டளவு தண்ணின்னா ரெண்டு ஹப்பு, பெடல் அச்சு, கீழ்க் கீல் பேரிங் எல்லாம் சேத்துத்தண்ணி குடிச்சிருக்கு. ஷாக் மேல இருக்கு, அது தப்பிச்சிருக்கு.

அரை மணி நேரம் பார்த்தேன். பார்த்த வரிசையை அப்படியே சொல்றேன், நீங்க வாங்கறப்போ உதவும்.

முதல்ல பிரேம். ஈரத்துணியால துடைச்சு, வெல்டிங் வச்ச இடம் ஒவ்வொண்ணையும் வெளிச்சத்துல பார்த்தேன். ஹேண்டில்பார் கழுத்து, பெடல் அச்சைச் சுத்தி, பின் கீல்கள். பெயிண்ட்ல முடி மாதிரி ஒரு கோடு தெரிஞ்சாலும் வேண்டாம்னு வந்துரணும். இரும்பு பெரும்பாலும் வளைஞ்சு சொல்லும். அலுமினியம் சொல்லாமலே முறியும். இதுல கோடு இல்ல.

அடுத்து, ஆணிகள் திரும்புதான்னு ஆலன் கீ போட்டுப் பார்த்தேன். எங்க ஊரு கடக்காத்து ஊரு. பக்கத்துலயே உப்பளம். அலுமினியம் இரும்பு மாதிரித் துரு ஏறி உதிராதுன்னாலும், அலுமினியத்துக்குள்ள முடுக்கின இரும்பு ஆணி உப்புக்காத்துல பிடிச்சுக்கிட்டு விடாது. சீட் கம்பியும் அப்படித்தான். மேலயும் கீழயும் இறங்காத சீட் கம்பி இருந்தா, அந்தச் சைக்கிள் அந்த உயரத்துக்காரனுக்கு மட்டும்தான். நல்லவேளை, எல்லாம் அசைஞ்சுது.

பிறகு ஷாக். உக்காந்து அமுக்கினேன், பைய எழுந்துச்சு. தண்டை விரலால தடவினேன், எண்ணெய்க் கசிவு இல்ல. காத்து அடைக்கிற ஷாக்கும் உண்டு. எடை கம்மி, ஆனா அதுக்குன்னு தனிப் பம்பு வேணும், நம்ம பஞ்சர் கடைப் பம்புக்கு அந்த அழுத்தம் வராது. இது கம்பிச் சுருள் ஷாக். சுருள் மேலயே ஒரு நம்பர் அச்சடிச்சிருக்கும். ஒரு அங்குலம் அமுங்க எத்தனை பவுண்டு எடை வேணும்கிறதுதான் அந்த நம்பர். ஓட்டுறவன் எடைக்குத் தக்கபடி சுருள் இருக்கணும். பையனும் என்னை மாதிரி அறுபத்துச் சொச்சம் கிலோ ஆளுதான். நான் உக்காந்தப்போ ஷாக் கால் பங்கு இறங்கி நின்னுச்சு. அதுதான் சரியான அளவு.

பின்னால ஒரு ஆளை சீட்டைப் பிடிச்சு லேசாத் தூக்கச் சொல்லி, கீல் மேல கை வச்சுப் பார்த்தேன். சக்கரம் தரையை விட்டு எழும்பறதுக்கு முன்னாடி விரல்ல ஒரு டக் அடிச்சா அங்க தேய்மானம். கீழ்க் கீல்ல அடிச்சுது. முன் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு முன்னும் பின்னும் அசைச்சேன், கழுத்துல ஆட்டம் இல்ல.

கடைசியா செயின். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வச்சிருக்கிற 12 அங்குல ஸ்கேல் போதும். ஒரு முழுக் கண்ணி 1 அங்குலம். 12 கண்ணி சரியா 12 அங்குலம் வரணும். 1/16 அங்குலம் நீண்டிருந்தா செயின் மாத்தணும். 1/8 நீண்டிருந்தா அநேகமாப் பின் பல்சக்கரமும் போயிருக்கும், செலவு ரெட்டிப்பு. இதுல 1/16தான். பில்லையும் வாங்கி, பெடல் அச்சுக்கு அடியில பொறிச்சிருக்கிற பிரேம் நம்பரோட ஒத்துப் பார்த்தேன். தெரிஞ்ச வீடா இருந்தாலும் பார்க்கணும். அதுல யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

"காக்கா, மாத்த வேண்டியதுன்னு இவ்வளவு இருக்கு"ன்னு ஒவ்வொண்ணாச் சொன்னேன். "6,500 தாரேன்."

"பையன்ட்ட கேட்டுச் சொல்லுதேன்"னு போனை எடுத்தார். ஹாங்காங்ல அப்போ ராத்திரி. பேசிட்டு வந்து, "வயலுக்குப் போறதுக்குன்னு சொன்னேன். ஓட்டுறவங்களுக்குக் கொடுங்க வாப்பா, வெலயைப் பாக்காதீங்கன்னுட்டான். 7,500 கொடுங்க அண்ணாச்சி"ன்னார். அதுக்கு மேல பேரம் பேச எனக்கு வாய் வரல.

அடுத்த வாரம் ஆறுமுகனேரியில, நாற்பது வருஷமாக் கடை வச்சிருக்கிற ஒருத்தர்ட்ட கொடுத்தேன். முதல்ல, "இதெல்லாம் நான் தொட்டதில்ல"ன்னு தயங்கினார். ஹப்பைப் பிரிச்சதும் முகம் மலர்ந்துருச்சு. "என்னவே, நம்ம ஹெர்குலிஸ் மாதிரியே கோனும் பால்ஸும்தான இருக்கு!" மண்ணெண்ணெயில கழுவி, பால்ஸ் மாத்தி, கிரீஸ் வச்சு, ரெண்டு சக்கரத்துக்கும் கோட்டம் எடுத்தார். கீல் பேரிங்தான் எங்க கிடைக்கும்னு ரெண்டு பேரும் முழிச்சோம். பழைய பேரிங்கைத் தட்டி எடுத்துத் துடைச்சா, ஓரத்துல நம்பர் இருக்கு. அதைத் தூத்துக்குடியில மோட்டார் பேரிங் விக்கிற கடையில காட்டினேன். அதே நம்பர் பெட்டியில இருந்துச்சு. சைக்கிள் கம்பெனிக்காரன் தனியா ஒண்ணும் செய்யல, உலகத்துக்கே பொதுவான பேரிங்கைத்தான் போட்டிருக்கான்.

கணக்கு இதுதான். பேரிங் ஆறு 660. செயின் 550. டயர் ரெண்டு 1,300. டியூப் ரெண்டு 320. பிரேக் கட்டை 200. கேபிள் 300. பால்ஸ், கிரீஸ், கூலி எல்லாம் சேர்த்து 500. மொத்தம் 3,830.

இப்போ ஒரு வருஷத்துக்கு மேல ஓடுது. நல்லதையும் கெட்டதையும் சொல்லிடறேன். தார் ரோட்டுல இது சாதா சைக்கிளை விட மெதுவு. எந்திரிச்சு நின்னு மிதிச்சா மிதிக்கிற பலத்துல கொஞ்சம் ஷாக்குக்குள்ள போயிரும். உக்காந்து, சின்ன கியர்ல, ஒரே சீரா மிதிக்கணும். கேரியர் மாட்ட இடமே கிடையாது. பின் பாதி ஆடுற பிரேம்ல பாரம் ஏத்தவும் கூடாது. வாழைத்தார், உரமூட்டை எல்லாம் லோடு ஆட்டோதான். மண்வெட்டியைப் பிடி கழட்டி முதுகுல கட்டிக்கிடுவேன். உடைமுள் டயரைக் குத்தத்தான் செய்யும். பழைய டியூபை நீளமா வெட்டி டயருக்குள்ள உறை மாதிரி வச்சதுல பஞ்சர் குறைஞ்சிருக்கு. வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால உப்பைத் துடைச்சு, செயினுக்குச் சொட்டு எண்ணெய் விடணும். அஞ்சு நிமிஷ வேலை. விட்டா எங்க ஊர்க் காத்து செயினைத் தின்னுரும்.

கெட்டதைச் சொல்லியாச்சு. நல்லது ஒண்ணுதான். கரைப் பாதையில டயர்ல காத்தைக் கொஞ்சம் குறைச்சு விட்டா, மணல்ல புதையாமப் போகுது. கல்லு மேல ஏறி இறங்குறது கைக்கும் இடுப்புக்கும் தெரியுது, ஆனா அடிக்கல. இறங்கினதும் நேரே மண்வெட்டியைப் பிடிக்க முடியுது. குத்தகைப் பேச்சு வீட்டுல நின்னு போச்சு. போன வருஷம் வச்ச வாழை இந்தப் பங்குனியில தார் வெட்டினோம். முதல் சீப்பு ஒண்ணை அந்த காக்கா வீட்டுக்குக் கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் சைக்கிளை ஒரு போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்பினார், சேறும் சகதியுமா.

உங்க வீட்டு மாடிப்படிக்கு அடியிலயும் அப்படி ஒண்ணு நின்னா, தூசி தட்டி ஓட்டுங்க. இல்ல, ஓட்டுறவங்க கையில கொடுத்துருங்க. நின்னு போற சைக்கிள் ஓடித் தேயற சைக்கிளை விடச் சீக்கிரம் கெடும்.

ஷாக்குக்குள்ள இருக்கிற எண்ணெய் என்னைக்காவது ஒரு நாள் கசியும். பக்கத்துல அதைப் பிரிக்கத் தெரிஞ்ச ஆள் கிடையாது, கழட்டிப் பார்சல்ல சென்னைக்கு அனுப்பணும். அதுக்காக மாசம் 100 ரூபாய் ஒரு டப்பாவுல போட்டுக்கிட்டு வாரேன். நாளைக்கு விடியக்காலம் 4 மணிக்குத் தண்ணி முறை. லைட்டுக்கு சார்ஜ் போட்டுட்டு வெள்ளனப் படுக்கணும்.